கலைச்சொல் தேவை (வெள்ளிக்குள்): டோப்பிங், பாசிட்டிவ், பயாலஜிக்கல் பாஸ்போர்ட்

செ.வா. எழுதியது:

அன்புள்ள நண்பர்களே,

உடற்கல்விப் பாடநூல் ஒன்றில், தொழில்முறைச் சாலை மிதிவண்டிப் போட்டிகளில் ஊக்கமருந்து என்ற இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நம் நாளிதழ்களில் எல்லாச் செய்தியும் "ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்" என்றே முடிகிறது. இயலில் வரும் மூவரை இந்த ஒரு தொடருக்குள் அடைக்க முடியவில்லை.

மார்கோ பந்தானி: 1999 ஜூன் 5, மடோனா டி காம்பிலியோ. ஜிரோ டி இத்தாலியா போட்டி முடிய இரண்டு கட்டங்களே இருக்க, முதலிடத்தில் இருந்தவர். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 52% என்று வந்தது. 1997இல் வைத்த வரம்பு 50%. எந்தப் பொருளும் அகப்படவில்லை. உடல்நலம் கருதி 15 நாள் போட்டியிடக் கூடாது என்பதுதான் அன்றைய விதி.

அல்பெர்த்தோ கொண்டாடோர்: 2010 ஜூலை 21, டூர் டி பிரான்சின் ஓய்வு நாள். சிறுநீரில் 'கிளென்பியூட்டரால்' என்ற தடைப்பொருள், மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம். 2012 பிப்ரவரியில் இரண்டாண்டுத் தடை, வென்றிருந்த அந்த டூர் பட்டமும் போனது.

கிறிஸ் ஃப்ரூம்: 2017 செப்டம்பர் 7, ஸ்பெயினின் வுவெல்டா. ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம், வரம்பு 1000. 2018 ஜூலையில், விதிமீறல் இல்லையென்று வழக்கு கைவிடப்பட்டது.

"சிக்கினார்" என்று எழுதினால் மூவரும் குற்றவாளிகள். ஆய்வகம் சொல்வதற்கு ஒரு சொல்லும், தீர்ப்பாயம் சொல்வதற்கு இன்னொரு சொல்லும் வேண்டும். ஏ சாம்பிள், பி சாம்பிள், பயாலஜிக்கல் பாஸ்போர்ட் இவற்றுக்கும் உதவுங்கள்.

நா.மா. எழுதியது:

முதலில் அடிப்படைச் சொல்லையே திருத்துவோம். ஊக்கமருந்து என்பது ஊக்கத்தைத் தரும் மருந்து. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணம் சரி, பொருள் சரியில்லை. ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழி இது. அந்த ஊக்கத்தைக் களவுக்குக் கொடுப்பதா? மருந்து என்பதும் நோய் தீர்ப்பதற்கு உரிய சொல். ஆங்கிலச் சொல்லின் வேர் டச்சு மொழியின் 'தோப்'. தோய்த்து உண்ணும் குழம்பு என்று பொருள். வினையாகக் கொண்டால் தோய்த்தல். நம் 'தோய்' அப்படியே நிற்கிறது பாருங்கள். துணி தோய்த்தல், தயிர் தோய்தல், தோயம் என்றால் நீர். ஒலியும் பொருளும் ஒருசேர ஒத்துவருகின்றன. குறைக்கடத்தியில் வேற்றுப்பொருள் சேர்ப்பதும் ஆங்கிலத்தில் டோப்பிங்தான். 'தோய்ப்பு' என்று வைத்தால் அதற்குப் பாடநூல்கள் வழங்கும் 'மாசூட்டல்' என்ற பழிச்சொல்லையும் மாற்றிவிடலாம்.

க.ர. எழுதியது:

ஐயா, குறைக்கடத்தியை இயற்பியல்காரர்களிடம் விட்டுவிடுவோம். "தோய்ப்புச் சோதனை" என்றால் மாணவர் துணிச்சாயத்தைத்தான் நினைப்பார்.

'மருந்து' பற்றிய உங்கள் தடையில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. 2004இல் டைலர் ஹாமில்டன் மீதும், 2007 டூரில் அலெக்சாண்டர் வினோகுரோவ் மீதும் வந்த குற்றச்சாட்டு, பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டது என்பது. அதில் மருந்தே இல்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்கள் 2012இல் பறிபோனது பெரும்பாலும் சாட்சியங்களால். மைக்கேல் ரஸ்முசென் 2007இல் முதலிடத்துக்குரிய மஞ்சள் மேலாடையோடு டூரிலிருந்து வெளியேற்றப்பட்டது, எங்கே இருந்தார் என்பதைச் சரியாகத் தெரிவிக்காததற்காக. ஆகவே மொத்தக் குற்றத்துக்கு 'ஊக்கமருந்து விதிமீறல்' என்று வையுங்கள். விதிமீறல் என்ற சொல் இவை அனைத்தையும் தாங்கும்.

அடுத்து ஏ, பி. இவற்றை அ, ஆ என்று மாற்றிவிட வேண்டாம். "அ மாதிரி" என்று அச்சானால் வாசகர் "அம்மாதிரி" என்றே படிப்பார். 'முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி' என்றாலும் பிழைதான். இரண்டு முறை எடுத்ததாகப் பொருள்படும். ஒரே முறை கொடுத்த சிறுநீர், குறைந்தது 90 மி.லி., வீரரின் கண்முன்னே இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பிரிக்கப்படுகிறது: ஏ குப்பியில் 60, பி குப்பியில் 30. 'ஏ குப்பி, பி குப்பி' போதும். ஹாமில்டன் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அப்போதைக்குத் தப்பியது இந்தப் பி குப்பியால்தான். ரத்தம் இருந்த அந்தக் குப்பியை உறைநிலையில் வைத்துவிட்டார்கள். அணுக்கள் சிதைந்துபோகவே, ஏ குப்பியின் முடிவை உறுதிசெய்ய வழியில்லாமல் போயிற்று.

யோ.சி. எழுதியது:

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் குருதி என்றே எழுதுகிறோம். குருதிக் கொடை, குருதி அமுக்கம் எல்லாம் அங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ரத்தத்தை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று விளங்கவில்லை.

பாசிட்டிவுக்கு 'நேர்மறை' வேண்டவே வேண்டாம். நேர்மறை என்றால் நல்லது என்று மேடைப் பேச்சாளர்கள் பழக்கிவிட்டார்கள். ஆய்வகம் அனுப்பும் அறிக்கைக்கு என் முன்மொழிவு 'பாதக முடிவு'.

நா.மா. எழுதியது:

பாதகமா? பஞ்சமாபாதகம், பாதகன் என்று பெரும்பாவத்தைச் சுட்டும் சொல் அது, வடசொல்லும்கூட. தீர்ப்புக்கு முன்பே வீரரைப் பாவியாக்கிவிடும். 'தடைப்பொருட்காண்பு' என்று சொல்லலாம்.

செ.வா. எழுதியது:

நா.மா. ஐயா, ஃப்ரூமுக்கு அது பொருந்தாதே. இன்ஹேலர் வழியாக உள்ளிழுக்கும் சால்பியூட்டமால், வரம்புக்குள் இருக்கும்வரை தடைப்பொருளே அல்ல. கிளென்பியூட்டரால் அப்போது வரம்பில்லாப் பொருள், துளி தெரிந்தாலும் ஆய்வகம் அறிவிக்க வேண்டியிருந்தது. சால்பியூட்டமால் வரம்புள்ள பொருள், அளவுதான் கேள்வி.

க.ர. எழுதியது:

அந்த அளவும் நேரடி எண் அல்ல என்பதை இயலில் கட்டாயம் சேருங்கள். சிறுநீர் கெட்டியாக இருந்தால் எல்லாப் பொருளும் செறிந்து தெரியும். ஃப்ரூமின் 2000, அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டும் ஒப்படர்த்தியைக் கணக்கில் கொண்டு திருத்தியபோது 1429 ஆனது. ஆய்வகம் அறிவிக்க வேண்டிய எல்லையோ அளவீட்டுப் பிழையையும் சேர்த்து 1200. ஆக, ஆய்வகம் எல்லை தாண்டியதைக் கண்டது. எப்படி வந்தது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இதனால் என் சொல் 'ஆய்வகக் கண்டறிவு'. குற்றமும் இல்லை, விடுதலையும் இல்லை.

யோ.சி. எழுதியது:

ஒன்றும் இல்லை என்று வரும் அறிக்கையும் கண்டறிவுதானே?

க.ர. எழுதியது:

எதையும் கண்டறியாதபோது அதைக் கண்டறிவு என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அதற்கு 'கண்டறிவில்லை' என்று எழுதலாம்.

பாஸ்போர்ட்டுக்கு 'உயிரியல் கடவுச்சீட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதைக் காட்டி எங்கும் நுழைய முடியாது. 2008இல் சர்வதேச மிதிவண்டிச் சங்கம் தொடங்கிய அது, ஒரே வீரரின் அளவீடுகளை ஆண்டுக்கணக்கில் வரிசையாகக் குறித்துவைப்பது. 'உயிரியல் குறிப்பேடு' என்றால் வேலையும் விளங்கும். குருதிக் குறிப்பேடு என்று சுருக்க வேண்டாம். பின்னாளில் ஸ்டீராய்டு அளவுகளுக்கும் ஒரு பகுதி சேர்ந்தது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கும் கொடுங்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதிலிருந்து, இளஞ்சிவப்பணு (புதிதாக உண்டான சிவப்பணு) விழுக்காட்டின் வர்க்கமூலத்தை 60ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 150, இளம் அணு 1% என்றால் 90. சேமித்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் கூடும். போதுமான அணு இருக்கிறதென்று எலும்பு மஜ்ஜை புதிதாக உண்டாக்குவதைக் குறைக்கும். 165, 0.36% என்று வைத்தால் 165 கழித்தல் 36, விடை 129. எந்தப் பொருளும் அகப்படாமலே ஐயம் எழுவது இப்படித்தான். ஆனால் நீரிழப்பும் உயரமான மலையில் தங்கிப் பயிற்சி செய்வதும் இந்த எண்களை அசைக்கும். நீரிழப்புக்காகத்தான் போட்டி முடிந்த உடனே எடுக்காமல், நேரம் விட்டு ரத்தம் எடுக்கிறார்கள். குறிப்பேட்டை மட்டும் வைத்து வழக்குத் தொடர மூன்று வல்லுநர்களும் ஒருமித்துச் சொல்ல வேண்டும்.

நா.மா. எழுதியது:

குறிப்பேடு நன்று, ஏற்கிறேன். 'ஊக்கமருந்து' எனக்கு இன்னும் உடன்பாடில்லை. 'கள்ளூக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். கள்ள ஊக்கம் என்றும் பிரியும், கள் தந்த ஊக்கம் என்றும் பிரியும். தென்னாப்பிரிக்காவில் ஒரு மதுவுக்கு 'தோப்' என்ற பெயர் உண்டென்றும் சிலர் வேர் காட்டுவார்கள். இரண்டு வழியிலும் பொருந்துகிறது.

யோ.சி. எழுதியது:

அப்படியானால் கொண்டாடோரின் 50 பிக்கோகிராமும் கள்ளூக்கமா? அவர் வேண்டுமென்று எடுத்ததாகத் தீர்ப்பாயமே சொல்லவில்லை. கலப்படமான உணவுத்துணைப் பொருள் வழியாக வந்திருக்கக்கூடும் என்றுதான் சொன்னது. உடலில் இருந்தால் வீரரே பொறுப்பு என்ற விதியால் தண்டனை. 'கள்ள' என்ற அடைமொழி, விதி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

செ.வா. எழுதியது:

நேரமாகிவிட்டது. இயலில் போகப்போவது: ஊக்கமருந்து விதிமீறல், ஆய்வகக் கண்டறிவு, ஏ குப்பி, பி குப்பி, உயிரியல் குறிப்பேடு, இருப்பிடத் தகவல். பந்தானிக்கு 'நலன்கருதிய போட்டி நிறுத்தம்' என்று எழுதுகிறேன். ரத்தம் அப்படியே நிற்கும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான நூல். நா.மா. ஐயாவின் 'கள்ளூக்கம்' சொல்லடைவில் மட்டும் வரும்.

நா.மா. எழுதியது:

சொல்லடைவில் போடுவதானால் 'தோய்ப்பு' என்பதையும் சேருங்கள். பெரும்பான்மை இருப்பதால் வேர் மாறிவிடாது.

யோ.சி. எழுதியது:

குருதி என்பதையும் ஒரு முறையாவது பிறைக்குறிக்குள் போடுங்கள் தங்கச்சி. இந்த நூலை எங்கள் பக்கமும் படிப்பார்கள்.