காகத்தைச் சுடலாமா? கொழும்பில் நமக்கு நேர்ந்தவை

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு மாமரம் நிற்கிறது. அதில் காகம் கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போகிறவர்களைப் பின்னால் வந்து தலையில் அடித்துவிட்டுப் போகிறது. அடிபட்டவர்களில் வயதான ஒரு அம்மாவும் உண்டு, அவர் இப்போது மேலே ஏறவே பயப்படுகிறார். நேற்று மேல்மாடிக்காரர் ஒருவர் எயார் ரைபிளோடு வந்து நின்றுகொண்டு, “காகத்துக்கு என்ன சட்டம் இருக்கு? சுட்டால் யார் கேட்கப்போறான்?” என்றார். கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. உங்கள் பக்கத்தில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து:

அக்கா, முதலில் அந்தத் துவக்கை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சட்டம் காகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. குறி தவறினால் ரவை போய் நிற்பது யாரோ ஒருவரின் ஜன்னலில், அல்லது ஒரு பிள்ளையின் கண்ணில். சனம் நெருங்கி வாழும் இடத்தில் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பேசிப் பார்த்தும் கேட்காவிட்டால் 119க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.

இனிப் பறவைக்கு வருவோம். நமது வனவிலங்குச் சட்டம் 1937இன் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பின்னால் பல தடவை திருத்தினார்கள், 2009இல் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. பட்டியல் போட்டு விலக்கிய சில பறவைகளைத் தவிர மற்றெல்லாப் பறவைகளுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. காகக் கூட்டைக் கலைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்தக் கூட்டில் குயிலின் முட்டையும் இருக்கலாம். குயில் கூடு கட்டுவதில்லை, காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போகும். குயில் குஞ்சு காகக் குஞ்சுக்கு முந்தியே பொரித்துவிடும், தீனி கொடுத்து வளர்ப்பதெல்லாம் காகம்தான். சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது குயில் கூவத் தொடங்கினால் தமிழர், சிங்களவர் எல்லோருக்குமே ஒரு சந்தோஷம். காகக் கூட்டை அடித்து விழுத்தினால் அந்தக் குரலுக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையில் இதே தொல்லை வந்தபோது குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், அவ்வளவுதான். குஞ்சு பறக்கப் பழகியதும் தாய்க்காகம் தானாகவே அடங்கிவிட்டது. குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் ஒரு துணியால் தூக்கிப் பக்கத்துக் கிளையில் வைத்துவிடுங்கள். அது தரையில் கிடக்கும் வரைதான் பெரிய காகங்களின் ஆவேசம் மிகக் கூடுதலாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் பக்கத்து மீன்கடை ஒன்றில் உயிருள்ள காகத்தைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள், மற்றக் காகங்கள் வராதாம். அது கத்தக் கத்த நூற்றுக்கணக்கான காகங்கள் மேலே வந்து சுற்றின, கடைக்காரருக்குத்தான் இன்னும் தொல்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் பெரும்பாலும் வீட்டு விலங்குகளுக்கும் பிடித்து வைத்திருக்கும் உயிர்களுக்கும் உரியது. பிடித்துக் கட்டிவைத்த காகம் அதற்குள் வரும் என்று ஐயாவிடம் பொறுமையாகச் சொன்னேன், அவிழ்த்துவிட்டார். அந்தச் சட்டத்தில் அபராதம் ஆகக்கூடியது 100 ரூபாய்தான். நூறு வருடத்துக்கு மேலாகியும் இன்னும் நூறு ரூபாய்! இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மட்டக்குளியிலிருந்து:

என் தங்கை மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறாள். அங்கே நகராட்சியே ஆள் வைத்துக் காகம் சுடுகிறது. அந்தக் காகங்கள் போனதும் நம்மிடமிருந்துதான். 1890களில் கோப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். கோப்பி போய்விட்டது, காகம் பெருகிவிட்டது. இத்தனை காலம் சுட்டும் தீரவில்லை என்கிறாள். சாப்பாடு கிடைக்கும் வரைக்கும் எப்படித் தீரும்? கென்யாவிலும் நம் ஊர்க் காகம்தான் பரவிக்கிடக்கிறது, அங்கே நஞ்சு வைக்கிறார்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே காகம் வேட்டையாட அனுமதி உண்டு, ஆனால் நினைத்தபடி முடியாது. பறவைகளைப் பாதுகாக்க மெக்சிகோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 1972இல் திருத்தியபோது காக்கை இனத்தையும் அதில் சேர்த்தார்கள். இப்போது ஒவ்வொரு மாநிலமும் காலம் குறிக்கிறது, அது வருடத்துக்கு 124 நாளைத் தாண்டக்கூடாது. காகங்கள் கூடு கட்டும் உச்ச காலத்தில் வேட்டை இல்லை. விமானத்திலிருந்து சுடக்கூடாது. துப்பாக்கி, வில்லம்பு, பழக்கிய வல்லூறு ஆகிய மூன்றைத் தவிர வேறு வழி கிடையாது. பயிருக்குச் சேதம் செய்யும் காகத்துக்குத் தனி விதி இருக்கிறது. சுடுவது பிழை இல்லை என்று எண்ணும் நாட்டிலேயே கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தைத் தொடாமல் விடுகிறார்கள் என்பதை உங்கள் மேல்மாடிக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள் அக்கா. இந்தியாவிலும் 1972இன் சட்டம் காகத்தை எலியோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத தீங்குயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022இன் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் காகம் பெருகியதற்குக் காரணம் கடற்கரைப் பக்கமாக உள்ள சாப்பாட்டுக் கடைகள். இரவில் பையோடு எச்சிலை வெளியே வைப்பார்கள், விடியும் முன்னே காகம் கிழித்துவிடும். மூடியுள்ள பெரிய தொட்டி வைத்ததும் காலையில் வரும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் தாராளமாக வைக்கட்டும், நாங்களும் அமாவாசைக்கு வைக்கிறோம். ஒரு பிடி சோற்றால் யாருக்கும் தொல்லை வந்ததில்லை. இரவு முழுக்கத் திறந்து கிடக்கும் மீன் தலையும் பாணும்தான் பிரச்சினை.

வெள்ளவத்தையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மேல்மாடிக்காரரோடு தெஹிவளைத் தம்பி சொன்னதையும் அமெரிக்க விதியையும் சேர்த்துப் பேசினேன். துவக்கு உள்ளே போய்விட்டது. அந்த அம்மாவுக்கு நாங்களே உடுப்புக் காயப்போட்டுக் கொடுக்கிறோம், குஞ்சு பறக்கும் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பாளர் கூட்டம் இருக்கிறது, மூடியுள்ள தொட்டிக்குக் காசு சேர்க்கக் கேட்கப்போகிறேன். பம்பலப்பிட்டியில் அந்தத் தொட்டிகளை எங்கே வாங்கினீர்கள், பூனை திறக்காத பூட்டு இருக்கிறதா என்று சொல்வீர்களா?