கடலோர ஊரிலிருந்து பொங்கலுக்கு உதகை வரும் பெரியவர்களைக் குளிரில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பனங்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணிமாறுதலில் கடந்த ஜூன் மாதம் இராமநாதபுரத்திலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிவந்தோம். பொங்கலுக்கு என் மாமனார், மாமியார், மைத்துனர், அவருடைய மனைவி, அவர்களின் ஒன்றரை வயதுக் குழந்தை என ஐவர் வந்து ஒரு வாரம் தங்கப் போகிறார்கள். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாமல் உறங்கிப் பழகியவர்கள். மாமனாருக்கு வயது 71. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை எந்த ஊருக்குப் போனாலும் விட்டுக்கொடுக்காதவர்.

எங்கள் வாடகை வீட்டில் இரண்டு அறைகளும் ஒரே ஒரு குளியலறையும், அதில் 15 லிட்டர் கீசரும் உள்ளன. இப்போதே காலையில் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கை மீது உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கிறது. இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியை மூட்டி இரவில் அறைக்குள் வைத்துவிட்டால் போதும் என்று அக்கம்பக்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, அல்லது ஹீட்டர் வாங்க வேண்டுமா? வேறு எவற்றையெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்?

கட்டபெட்டு வாசி எழுதியது:

முதலில் அந்தக் கரிச்சட்டியை மறந்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரியும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே நினைவிழந்துவிடுவார். மலைப்பகுதி விடுதி அறைகளில் இப்படி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கணப்பு மூட்டத்தான் வேண்டுமென்றால், மாலையில் முற்றத்தில் மூட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசிவிட்டு, அணைத்த பிறகு உள்ளே வாருங்கள். அது ஒரு சுகமான வேளையும்கூட.

ஹீட்டரைப் பொறுத்தவரை, 2000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். பழைய வீடுகளில் கட்டில் அருகே உள்ள சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் நீட்டிப்புக் கம்பி போட்டு ஹீட்டரைச் செருகினால் பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பெரிய பிளக் இருக்கும் அறையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். கீசரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அறையைச் சூடாக்கிவிட்டு, படுத்ததும் நிறுத்திவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

முப்பது குளிர்காலங்களாக விருந்தினரை வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்மவர்கள் அறையைச் சூடாக்குவதில் செலவழிக்கும் கவனத்தை ஆளைச் சூடாக வைப்பதில் செலவழிப்பதில்லை. கீழிருந்து ஏறும் குளிர்தான் பொல்லாதது என்பதால், போர்த்திக்கொள்ள மூன்று கம்பளி கொடுத்துவிட்டு மெத்தைக்கு மேல் வெறும் பருத்தி விரிப்பைப் போட்டால் பயனில்லை. ஒரு கம்பளியை எடுத்து மெத்தை மீது விரியுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையில் ஜமுக்காளமோ பழைய கோணிப்பையோ போட்டு, கட்டில் அருகே ஆளுக்கொரு ஜோடி செருப்பை வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் செருப்பணியக் கூசுவார்கள். இரண்டாம் நாள் இரவு அந்தக் கூச்சம் தானாகப் போய்விடும்.

குன்னூர் செவிலி எழுதியது:

சர்க்கரை நோய் பற்றி எழுதியிருப்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வெகுநாள் சர்க்கரை உள்ள பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கினால், சுடுவது தெரியாமலே தோல் வெந்து, காலையில் கொப்புளத்துடன் எழுந்திருப்பார்கள். படுக்கையைச் சூடாக்கப் பையை முன்கூட்டியே வைத்து, அவர் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். காலுக்கு இறுக்கமில்லாத கம்பளி காலுறை போதும். ஹீட்டர் முன்னால் காலை நீட்டி உட்காருவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும்; சிறுநீரும் அதிகம் போகும். இரவில் எழ வேண்டியிருக்கிறதே என்று முதியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், தாகமும் தெரியாது. ஆகவே பிளாஸ்கில் வெந்நீரை வைத்துப் பகலில் அடிக்கடி கொடுங்கள். வழக்கமான மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துவரச் சொல்லுங்கள். விடியற்காலைக் குளிர்ந்த நீர்க் குளியல் 71 வயதில் இங்கே வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்குத் தடித்த ஒரே உடையைவிட மெல்லிய உடைகள் மூன்று நல்லது. வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கனத்த கம்பளியைக் குழந்தைமீது போர்த்தி முகம் மூடும்படி விடாதீர்கள். மலை ஏறும்போது காது அடைக்கும் என்பதால் வளைவுகளில் பாலோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

தேயிலைச்சரிவு எழுதியது:

வருகையை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. வந்துதான் தீருவார்கள் என்றால், சொந்தக் காரில் வருபவர்கள் நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்பட்டும்; சிறிய பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களும் இங்கே தடை செய்யப்பட்டவை.

பனங்காட்டான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரிச்சட்டி யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஏப்ரலுக்குத் தள்ள இயலாது. பேத்தியோடு சேர்ந்து பொங்கல் வைக்க வேண்டுமென்பது மாமியாரின் ஆசை. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. மாமனாரிடம் குளிக்க வேண்டாம் என்று மருமகன் சொன்னால் எடுபடாது, என்ன செய்யலாம்? மேலும், மாமியார் இட்லி மாவு அரைத்தே தீருவார். இங்கே என் மனைவி அரைக்கும் மாவு மறுநாள் காலையிலும் கல்லாகக் கிடக்கிறது.

கட்டபெட்டு வாசி எழுதியது:

குளிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். 15 லிட்டர் கீசரில் ஒருவர் குளித்த பிறகு அடுத்தவருக்குத் தண்ணீர் சுட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். "மாமா, உங்களுக்கு 11 மணி" என்று முதல் நாளே வரிசை போட்டுவிட்டால், அதைக் கௌரவக் குறைவாக அவர் நினைக்கமாட்டார். அதற்குள் முற்றத்து வெயிலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் உடம்பும் சூடாகியிருக்கும். வெயில் இதமாகத் தெரிந்தாலும் இந்த உயரத்தில் முகம் கருத்துவிடும். தலைக்குத் துண்டு கட்டச் சொல்லுங்கள். மாலை 4 மணிக்கெல்லாம் காயப்போட்ட துணிகளோடு ஆட்களையும் உள்ளே அழைத்துவிடுங்கள்.

மாவுக்கு ஒரு நாள் முழுக்க நேரம் கொடுங்கள். காலையிலேயே அரைத்து, கையால் நன்றாகக் கரைத்து, மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள அகலப் பாத்திரத்துக்குள் வைத்து, கம்பளியால் சுற்றிவிட்டால் மறுநாள் காலை இட்லிக்குப் பொங்கியிருக்கும். நீர் ஆறியதும் மாற்ற மறக்காதீர்கள்.

பொங்கல் பானைக்கும் இதே பொறுமை தேவை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பால் பொங்கிவிடும், அரிசி மட்டும் வேகாமல் நின்றுகொண்டிருக்கும். பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தே உலையில் இடச் சொல்லுங்கள், நீரும் சற்றுக் கூடுதலாக வைக்கட்டும். தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெயை குறுகிய வாய்க் குப்பியில் கொண்டுவர வேண்டாம் என்றும் உங்கள் மாமியாருக்குச் சொல்லிவிடுங்கள். இங்கே அது நெய்போல உறைந்துவிடும்; அகல வாய் டப்பாவென்றால் விரலால் எடுத்துக்கொள்ளலாம்.