மூன்று நாளில் புகைப்படக் கண்காட்சிகள்: பாரிஸா, பெர்லினா?

கேட்டவர்: வழிப்போக்கன்

அடுத்த மாதம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் கையில் இருக்கின்றன. பாரிஸ், பெர்லின் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். கோபுரம், கோட்டை எதுவும் வேண்டாம், புகைப்படக் கண்காட்சிகள் மட்டும் போதும். கேமரா பழக்கம் உண்டு. ஆனால் சுவரில் மாட்டிய பிரின்ட்டை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது. புத்தகத்தில் பார்த்த படத்தையே நேரில் பார்ப்பதில் கூடுதலாக என்ன இருக்கிறது? எங்கே சொதப்ப வாய்ப்பு அதிகம்?

பதில் 1: நாட்காட்டி

நீங்கள் சொன்ன கிழமைகள்தான் சிக்கல். பாரிஸில் புகைப்படத்துக்கென்றே இருக்கும் எம்இபி (ஐரோப்பியப் புகைப்பட இல்லம்) திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். ழூ த போம் கலைக்கூடம், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெயரிலான அறக்கட்டளை இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. தனியார் கேலரிகளில் பெரும்பாலானவை ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. ஆக, திங்கட்கிழமை பாரிஸில் புகைப்படம் பார்க்கப் போகிறவருக்குப் பூட்டிய கதவுதான்.

பாரிஸ்தான் என்றால் ஞாயிறு காலை எம்இபி, மதியம் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். இரண்டும் மரே பகுதியில்தான், நடந்தே போய்விடலாம். அறக்கட்டளை 2018இல்தான் மோன்பர்னாஸிலிருந்து இங்கே வந்தது. பழைய வழிகாட்டி நூலை நம்பினால் ஊரின் மறுகோடியில் போய் நிற்பீர்கள். செவ்வாய் இரவு 9 வரை ழூ த போம் திறந்திருக்கும், கடைசி இரண்டு மணி நேரம் கூட்டம் குறைவு.

பெர்லினில் சி/ஓ பெர்லின் என்ற புகைப்படக் கூடம் வாரம் முழுக்கத் திறந்திருக்கும், திங்களும் சேர்த்து. சோ ரயில் நிலையத்துக்கு அருகில், பழைய அமெரிக்கா ஹவுஸ் கட்டடம். நிலையத்துக்குப் பின்புறமே புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டனின் அறக்கட்டளை இருக்கிறது, அதற்குத் திங்கள் விடுமுறை. எனவே ஞாயிறு நியூட்டன், திங்கள் சி/ஓ, செவ்வாய் கேலரிகள். உங்கள் கிழமைகளுக்கு பெர்லின்தான் சரி.

டிக்கெட் போடுமுன் ஒன்றை மட்டும் பாருங்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கட்டடம் திறந்திருந்தாலும் அரங்குகள் காலியாக இருக்கும். இணையதளத்தில் 'திறந்திருக்கும் நேரம்' மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கண்காட்சியின் தொடக்க, முடிவுத் தேதிகளைத் தனியாகப் பாருங்கள்.

பதில் 2: வெள்ளித்துகள்

பிரின்ட் என்பது ஒரு பொருள். அதற்குத் தடிமன், மேற்பரப்பு, வயது எல்லாம் உண்டு. திரை காட்டாதது இதைத்தான்.

முதலில் படத்துக்குப் பக்கத்தில் உள்ள விவர அட்டையைப் படியுங்கள். '1941, பிரின்ட் 1970கள்' என்பதுபோல இரண்டு ஆண்டுகள் இருந்தால் முதலாவது படம் எடுத்த ஆண்டு, இரண்டாவது அச்சிட்ட ஆண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தின் ஆரம்பப் பிரின்ட்களில் வானம் சாம்பலாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலப் பிரின்ட்களில் அதே வானம் கன்னங்கரேலென்று இறங்கியிருக்கும். நெகட்டிவ் ஒன்றுதான், அச்சிட்டவரின் முடிவு மாறியிருக்கிறது. படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அச்சிட்டதை 'வின்டேஜ் பிரின்ட்' என்பார்கள்.

பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, ஒளி சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். பழைய சில்வர் ஜெலட்டின் பிரின்ட்களில் (வெள்ளித்துகள் கலந்த ஜெலட்டின் பூசிய காகிதத்தில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள்) ஓரத்துக் கறுப்புகள் மேல் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியலாம். வெள்ளி மேற்பரப்புக்கு வந்துவிட்டதன் அடையாளம் அது. நேர் எதிரே நின்றால் கண்ணில் படாது. வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் உருவாகும் பிளாட்டினம் பிரின்ட்டில் பளபளப்பே இருக்காது, படம் காகித நாருக்குள் இறங்கியிருக்கும். முட்டை வெண்கரு பூசிய காகிதத்தில் அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டு அல்புமென் பிரின்ட்களில் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளித்திருப்பது வழக்கம். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பிரின்ட்களில் படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். நெகட்டிவை வெட்டாமல் முழுச் சட்டத்தையும் அச்சிட்டதற்கு அதுவே சாட்சி.

அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே பிரதிபலித்து, இருண்ட படங்களின் நிழல் பகுதியை முழுசாக மறைத்துவிடும். ஆரம்பகாலப் புகைப்பட வகையான டாகுரோடைப் என்றால் இது இன்னும் முக்கியம். அது கண்ணாடிபோல் மெருகேற்றிய வெள்ளித் தகடு. இருட்டான ஒன்று அதில் பிரதிபலித்தால்தான் படம் நேராகத் தெரியும், வெளிச்சம் பிரதிபலித்தால் நெகட்டிவாக மாறிவிடும்.

வழிப்போக்கன்

நன்றி, பெர்லினே முடிவு. ஒரு சந்தேகம். ஒரு மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கும் புகழ்பெற்ற படம் எப்போது போனாலும் சுவரில் இருக்குமா?

பதில் 3: ஐம்பது லக்ஸ்

இருக்காது. ஓவியம்போல நிரந்தரமாக மாட்டிவைக்கக் காகிதப் படம் தாங்காது. ஒளி பட்டால் சாயமும் காகிதமும் கெடும், கெட்டது திரும்பாது. அதனால் நுட்பமான பிரின்ட்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வைப்பார்கள். மூன்று நான்கு மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டறைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு வெளியே வரப் பல ஆண்டுகள் ஆகலாம். வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் படங்கள் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். ஐந்து பத்து நிமிடம் முன்கூடத்து எழுத்துகளைப் படித்துக் கண் பழகிய பிறகு உள்ளே போங்கள்.

குறிப்பிட்ட ஒரு பிரின்ட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வாசல் உண்டு: ஆய்வு அறை. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் போன்ற பெரிய மியூசியங்களில் முன்பதிவு செய்தால் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார்கள். சில வாரங்களுக்கு முன்பே எழுதுங்கள். இணையப் பட்டியலில் இருக்கும் சேகரிப்பு எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், வெறும் கலைஞர் பெயரை எழுதினால் பதில் தாமதமாகும். உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். கண்ணாடிச் சட்டம் இல்லாமல் ஒரு பிரின்ட்டைப் பார்ப்பது வேறு அனுபவம். இதற்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்கினாலும் தகும்.

பதில் 4: சுவரோரம்

மேலே சொன்னவற்றோடு ஒரு மாற்றுக் கருத்து. ஒரே நாளில் இரண்டு பெரிய கண்காட்சி வேண்டாம். நூறு படத்தைத் தாண்டினால் கண் வெறுமனே நகருமே தவிர பார்க்காது. முதலில் நிற்காமல் ஒரு சுற்று, பத்து நிமிடம். பிறகு நிறுத்தி இழுத்த ஆறேழு படங்களுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். படத்தின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் தொடங்கி நெருங்குங்கள். 8×10 அங்குல கான்டாக்ட் பிரின்ட் (நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்து அதே அளவில் அச்சிட்டது) என்றால் தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டாமல் எவ்வளவு கிட்டே போகமுடியுமோ அவ்வளவு.

பிளாஷ், ட்ரைபாட் எங்கும் கிடையாது. இரவல் வாங்கிய படங்கள் உள்ள அரங்கில் கைபேசிப் படமும் கூடாது என்பார்கள், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பயணப் பெட்டியோடு நேராகப் போகாதீர்கள். பை வைக்கும் இடத்தில் முதுகுப்பைக்கு இடமிருக்கும், பெட்டியைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். கேட்டலாக், அதாவது கண்காட்சிப் புத்தகம், கனமானது. பிடித்திருந்தால் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பி வரவழைக்கலாம்.