3 வயசு பையன் கடிக்கிறான், அடிக்கிறான், என்ன பண்றது?

கோத்தகிரி அம்மா:
என் பையனுக்கு 3 வயசு ஆகப்போகுது. கொஞ்ச நாளா கைல கெடச்சத தூக்கி எறியறான், பக்கத்து வீட்டு பாப்பாவ தள்ளி விடுறான், நேத்து பால்வாடில ஒரு பொண்ணோட கைய பல்லு பதியுற அளவுக்கு கடிச்சு வச்சிட்டான். ஐப்பசி மழை, மிஸ்ட் வேற, வெளிய விடவே முடியல. நான் இலை பறிக்க போயிட்டா மாமியார்தான் பாக்குறாங்க, ரெண்டு போட்டாதான் அடங்குவான்னு சொல்றாங்க. பேச்சும் கம்மி, "தா", "போ"ன்னு ஒத்த வார்த்தைதான். முரடனா ஆயிடுவானோன்னு பயமா இருக்கு.

பால்வாடி டீச்சர், குன்னூர்:
பயப்படாதீங்கம்மா, 2, 3 வயசுலதான் இந்த அடிதடி ஜாஸ்தி இருக்கும், பேச்சு வர வர குறையும். கனடால ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேன்னு ஒருத்தர் பல வருஷம் பிள்ளைங்கள ஆராய்ச்சி பண்ணி இதத்தான் சொன்னாரு, அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அடிக்காம இருக்கத்தான் பிள்ளைங்க கத்துக்கணும். எப்போ கடிக்கிறான்னு கவனிங்க. எங்க சென்டர்ல ஒரு பையன் சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் கடிப்பான், சத்துமாவு உருண்டைய முன்னாடியே குடுக்க ஆரம்பிச்சதும் பாதி குறைஞ்சிருச்சு. வாய கொண்டு போறப்பவே கைய குறுக்க வச்சு "கடிக்கக் கூடாது, வலிக்கும்"னு சொல்லுங்க, அவ்ளோதான். அப்புறம் "எனக்கு வேணும்னு கேளு"ன்னு அவனுக்கு வார்த்தைய எடுத்து குடுங்க.

கொடைக்கானல் பாட்டி:
அடிச்சு அடக்குனா பெரியவங்க சின்னவங்கள அடிக்கலாம்னுதான் அவன் எடுத்துக்குவான், மாமியார்கிட்ட பக்குவமா சொல்லும்மா. மழைக்கு உள்ளயே கெடந்தா எந்த பிள்ளையும் முட்டிக்கிட்டுதான் நிக்கும், தலகாணிய போட்டு குதிக்க விடு, மாவு பிசைய குடு. செல்போன குடுத்து உக்கார வைக்காத, 2 வயசுலருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல சொல்லிருக்கு.

நர்ஸ், ஊட்டி:
சிஸ்டர், எனக்கு அந்த பேச்சு விஷயம்தான் உறுத்துது. 2 வயசுலயே ரெண்டு வார்த்தை சேத்து பேசணும். சளி அடிக்கடி பிடிக்குமா? சில பிள்ளைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கும், வலியே இருக்காது, ஆனா மந்தமா கேக்கும், நாம சொல்றதும் புரியாது அவனுக்கு சொல்லவும் வராது, அந்த எரிச்சல்லயே கைய நீட்டுவான். பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லி கூப்பிட்டு பாருங்க, திரும்பினாலும் சரி திரும்பலன்னாலும் சரி, காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க. பால்வாடிக்கு செக்கப் டீம் வரட்டும்னு காத்திருக்காதீங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போங்க.

கோத்தகிரி அம்மா:
சளி மாறவே மாறாது சிஸ்டர், டிவி சத்தமும் கூட்டி வைக்கச் சொல்லி அழுவான். திங்கக்கிழமை லீவு சொல்லிட்டு கூட்டிட்டு போறேன். காது டாக்டர்கிட்டயே நேரா சீட்டு போடலாமா, இல்ல குழந்தை டாக்டர மொதல்ல பாக்கணுமா?