டிராக்டருக்கு முன்னால் நின்ற குழந்தை: புதிய எக்ஸ்-மென் முதல் இதழ் படித்த அனுபவம்

2024 ஜூலையில் தொடங்கிய புதிய ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸ் வரிசையின் முதல் இதழைப் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து, அவள் மகனோடு சேர்ந்து படித்தேன். பாதி தாண்டியதும் அவன் கேட்டான்: “வாள் வச்சிருக்க இந்தப் பிள்ளை யாரு மாமா? எங்கருந்து வந்தா?” அந்த இதழைப் பற்றி என் மனத்திலிருந்த குறையும் அதுவேதான்.

ஜெட் மெக்கே எழுத, ரயன் ஸ்டெக்மன் வரைந்திருக்கும் இந்தக் கதை, 2019 முதல் ஐந்தாண்டுகள் மியூட்டன்ட்களின் (பிறவியிலேயே தனிச்சக்தி கொண்ட மனிதர்களின்) தனி நாடாக இருந்த கிராக்கோவா தீவு கைவிட்டுப் போன பிறகு தொடங்குகிறது. எக்ஸ்-மென் குழுவை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் சிறையில் இருக்கிறார். அவருடைய பழைய பள்ளிக்கூட மாளிகையே சிறையாக்கப்பட்டிருக்கிறது. அலாஸ்காவில் மெர்ல் என்னும் சிற்றூரில், தங்களை வேட்டையாடுவதற்கென்றே செய்யப்பட்ட சென்டினல் இயந்திரங்களின் பழைய தொழிற்சாலையைக் குடியிருப்பாக்கிக்கொண்டு, சைக்ளாப்ஸ் தலைமையில் எட்டுப் பேர் வாழ்கிறார்கள். குடிவந்தவன் யார், என்ன ஆள் என்று டீக்கடையில் வைத்தே விசாரித்துவிடும் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். மெர்ல் ஊர்க்காரர்கள் இவர்களைப் பார்த்து அஞ்சுவதை வில்லத்தனமாக்காமல் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காந்த சக்தியால் மலை மலையாக இரும்பைத் தூக்கிய மேக்னிட்டோ இப்போது நாற்காலியில் அமர்ந்தே வலம் வருகிறார். சேவியரின் இடத்தில், சேவியரைப் போலவே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது.

ஆனால் எட்டுப் பேர் என்பது ஒரே இதழுக்கு அதிகம். சைக்ளாப்ஸின் பாரம் நமக்குத் தெரிகிறது. குழுவிலுள்ள சைலாக்கும் டெம்பரும் வாளோடு வரும் மேஜிக்கும் அவர்களை ஏற்கெனவே அறிந்தவர்களுக்காக மட்டுமே நிற்கிறார்கள். முதல் இதழ் என்று அட்டையில் போட்டுவிட்டு, புதிதாக வரும் வாசகனை வாசலிலேயே நிறுத்துவது நியாயமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்த எனக்கு நாயகன் என்றால் தனி ஆள்தான். இரும்புக்கை மாயாவி போல. குழுவாக நாயகர்கள் வரும் கதையை முதன்முதலில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பழைய புத்தகக் கடையில்தான் பார்த்தேன். லென் வீன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த, 1975-இல் வந்த ‘ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழின் மறுபதிப்பு அது. கடைசிப் பக்கங்கள் இல்லை என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. இருந்தும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சேவியர் நாடு நாடாகப் போய் ஒவ்வொருவரையும் அவரவர் மண்ணிலேயே சந்திக்கிறார்: ஜெர்மனியில் தீப்பந்தத்தோடு துரத்தும் கூட்டத்திடம் சிக்கிய நைட்கிராலர், கென்யாவில் மழை தருபவளாக வணங்கப்படும் ஸ்டார்ம், சைபீரியாவின் கூட்டுப்பண்ணை வயலில் கொலாசஸ்.

அந்த வயல் காட்சியை நான் மறந்ததே இல்லை. ஓட்டுநர் கையை மீறிய டிராக்டர் ஒரு சிறு குழந்தையை நோக்கி வருகிறது. குழந்தையின் அண்ணன் கொலாசஸ் ஓடிப்போய் எஃகாக மாறி நிற்கிறான். டிராக்டர் அவன்மேல் மோதி நொறுங்குகிறது. பிசான நடவுக்குச் சேறடிக்கும் டிராக்டரின் இரும்புச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று அம்மா சத்தம் போடுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தச் சில கட்டங்களே போதும். அவன் யார், எதற்காக உயிரைக் கொடுப்பான் என்பதெல்லாம் விளங்கிவிட்டது.

அந்தக் குழந்தைதான் இல்யானா. இன்றைய இதழில் வாளோடு நிற்கும் மேஜிக் அவளேதான். கிராக்கோவாவும் அந்த 1975 இதழில்தான் முதலில் வந்தது. நாடாக அல்ல, பழைய குழுவினரைப் பிடித்துவைத்து விழுங்கப் பார்த்த உயிருள்ள தீவாக. இத்தனை ஆண்டுக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்யானாவுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கக் கூடாதா?

மருமகனிடம் இதையெல்லாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மறுநாள் ஊருக்குப் போய், பரணிலிருந்து அந்தப் பழைய பிரதியை எடுத்துவந்து கொடுத்தேன். டிராக்டர் வரும் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டான். பிறகு டேபை எடுத்து, மேஜிக் வரும் கட்டத்தைப் பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “ரெண்டும் ஒரே பிள்ளையா மாமா?” என்றவன், கடைசிப் பக்கங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டான்.