புதுப்பிப்பு: எங்கள் தெரு கிராம சபைக்குப் போனது

தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தூர்வாரவில்லை என்று டீக்கடையில் புலம்புவதை விட்டுவிட்டு, அக்டோபர் 2 கிராம சபைக்குத் தெருவோடு சேர்ந்து போகப்போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். போனோம்.

501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. இதுவரை பதிவேடு வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப் போகும், கூட்டத்தில் நாற்காலிகள்தான் இருக்கும். இந்த முறை நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காக்களே பாதி இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

வரவு செலவை மடமடவென்று வாசித்துக்கொண்டு போனபோது எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி எழுந்தார். "தம்பி, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க? இன்னொரு தரம் வாசிங்க." அப்புறம் ஒவ்வொரு வரியும் நிதானமாகத்தான் வந்தது!

வாய்க்கால் தீர்மானம் ஏறிவிட்டது. எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டோம்; வெற்றுப் பக்கத்தில் யாரும் போட்டுவிடாதீர்கள். தீர்மான நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

தெருவிளக்கு? இன்னும் எரியவில்லை. நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கூட்டத்தில் அதுதான் முதல் கேள்வி.