38 ஜிபி இமேஜ் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது: எங்கே பார்ப்பது?

ஆய்வகப்_பொறுப்பு:
வணக்கம். கல்லூரிக் கணினி ஆய்வகங்களுக்காக இரண்டு லினக்ஸ் சர்வர்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் மாஸ்டர் இமேஜை, அதாவது கணினிகளில் நிறுவும் முழு வட்டின் நகலை, தயாரிக்கிறோம். அடுத்த கட்டடத்தில் உள்ள மற்றொன்று அதை அங்குள்ள கணினிகளுக்கு இறக்கிக் கொடுக்கிறது. புதிய இமேஜ் 38 ஜிபி, இசட்எஸ்டிடி முறையில் சுருக்கியது. எஸ்சிபி (மறையாக்கத்தோடு கோப்பை அனுப்பும் கட்டளை) மூலம் அனுப்பினால் நொடிக்கு 2.4 எம்பிதான் நகர்கிறது. அதே கோப்பை எதிர்த்திசையில் அனுப்பிப் பார்த்தால் 8 எம்பி வருகிறது. பிங் (சிறு பாக்கெட் போய்வரும் நேரம்) ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் தட்டச்சு செய்தால் தயக்கமே இல்லை. இரண்டிலும் கிகாபிட் நெட்வொர்க் கார்டு. சிபியு சும்மா கிடக்கிறது. வேறு என்ன பார்க்கலாம்?

வேகப்பிரியன்:
எஸ்சிபியை விட்டுவிட்டு ஆர்சிங்க் பயன்படுத்துங்கள், சுருக்கும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்வர்களிலும் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 9000 பைட் ஆக்கினால் இன்னும் வேகம் கூடும்.

கம்பிக்காரர்:
இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். ஏற்கெனவே சுருக்கிய இமேஜை மறுபடி சுருக்கினால் சிபியு சூடாகுமே தவிர கோப்பு சிறுக்காது. எம்டியு 9000 என்றால் வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் பிங் ஓடும், பெரிய கோப்பு அப்படியே நின்றுவிடும். இருக்கும் நோயோடு புதிய நோயையும் வாங்கிக்கொள்வீர்கள்.

வட்டு, மறையாக்கம், நெட்வொர்க் மூன்றும் எஸ்சிபியில் கலந்திருக்கின்றன. முதலில் நெட்வொர்க்கை மட்டும் பிரித்துப் பாருங்கள். நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 வட்டைத் தொடாது. இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். பிறகு இரு சர்வர்களிலும் ஈத்டூல் (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) காட்டும் வேகம், டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்பது), பிழை எண்ணிக்கைகள் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். கார்டு கிகாபிட் என்பது பெட்டியின் மேல் எழுதியிருப்பது. இணைப்பு எந்த வேகத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

ஆய்வகப்_பொறுப்பு:
ஐயா, ஐபெர்ஃப்3 ஒரு திசையில் 21 மெகாபிட், மறு திசையில் 70 மெகாபிட். முதல் சர்வர் 1000, ஃபுல் டூப்ளெக்ஸ். அடுத்த கட்டடத்துச் சர்வர் 100, ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று காட்டுகிறது. அங்கே லேட் கொலிஷன் (தாமத மோதல்) என்ற எண் கோப்பு ஓடும்போதெல்லாம் ஏறுகிறது.

கம்பிக்காரர்:
அகப்பட்டுவிட்டது. அந்தச் சர்வர் செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டை யாரோ 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

சர்வர் ஆட்டோவில், அதாவது எதிர்முனையோடு பேசி வேகத்தை முடிவுசெய்யும் நிலையில், இருக்கிறது, எதிர்முனை பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. கம்பியில் வரும் சமிக்ஞையை வைத்து 100 என்ற வேகத்தைச் சர்வரால் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த நிலையில் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. இப்போது ஸ்விட்ச் நினைத்த நேரத்தில் பேசுகிறது. சர்வரோ ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்று நினைக்கிறது. தான் அனுப்பும்போதே எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று கருதி, அனுப்பிக்கொண்டிருந்ததைப் பாதியில் வெட்டுகிறது. ஸ்விட்ச் பக்கம் அது சிதைந்த ஃபிரேமாக (தரவுத் துண்டாக), சரிபார்ப்பு எண் பொருந்தாத சிஆர்சி பிழையாகப் பதிவாகும். தொலைந்ததைப் பார்த்து, அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசிபி நெறிமுறை வேகத்தைக் குறைக்கிறது, மெல்ல ஏற்றுகிறது, மறுபடி மோதல்.

பிங் ஏன் நன்றாக இருக்கிறது என்றால், அதில் ஒருவர் கேட்டு முடித்த பிறகே மற்றவர் பதில் சொல்கிறார், மோதவே வாய்ப்பில்லை. பிங்கை மட்டும் நம்பி நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சர்வரையும் 100 ஃபுல் என்று பூட்டினால் மோதல் நிற்கும். ஆனால் 11 எம்பிக்கு மேல் போகாது. போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். செப்புக் கம்பியில் கிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயம். அதன் பிறகும் 100 என்றே நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும்.

ஆய்வகப்_பொறுப்பு:
நீங்கள் சொன்னபடியே இருந்தது. பழைய கேமரா ரெக்கார்டர் ஒன்றுக்காக அந்தப் போர்ட்டைப் பூட்டியிருக்கிறார்கள்; அதன் பெயர்கூட இன்னும் அமைப்பில் இருக்கிறது. ஆட்டோவாக்கியதும் 1000 ஃபுல் வந்துவிட்டது. ஐபெர்ஃப்3 இரு திசையிலும் 940 மெகாபிட். ஆனால் எஸ்சிபி 55 எம்பியோடு நிற்கிறது. எட்டு மெகாபிட் ஒரு எம்பி என்றால் 110 வர வேண்டாமா?

வட்டு_வைத்தியர்:
வர வேண்டும். இனி நெட்வொர்க்கைக் குற்றம் சொல்ல முடியாது. அண்மைக்காலச் சிபியுக்களில் ஏஇஎஸ் மறையாக்கமும் இந்த வேகத்தில் தடையாக இருக்காது. பெறும் சர்வரில் டிடி கட்டளையால், நினைவகக் கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் தெரிவோடு சில ஜிபி எழுதிப் பாருங்கள். ரெய்டு கார்டு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவது) இருந்தால் அதன் கேஷ் எந்த முறையில் இருக்கிறது, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆய்வகப்_பொறுப்பு:
டிடி 57 எம்பி. கேஷ் ரைட் த்ரூ, பேட்டரி பழுது என்று வருகிறது.

வட்டு_வைத்தியர்:
அதுதான். பேட்டரி போனால், மின்தடையில் தரவு தொலைந்துவிடக் கூடாது என்று கார்டு கேஷில் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் வட்டில் எழுதி முடித்த பிறகே சரி என்கிறது. பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கைக் (கேஷில் வைத்ததுமே சரி என்னும் முறையைக்) கட்டாயப்படுத்தும் தெரிவு இருக்கும், தொடாதீர்கள். பேட்டரியை மாற்றுங்கள்.

ஆய்வகப்_பொறுப்பு:
புதிய பேட்டரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். 38 ஜிபி இப்போதே பன்னிரண்டு நிமிடத்துக்குள் போய்விடுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

சேலம்_லேப்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குச் சர்வர்களிடையே வேகம் சரியாக இருக்கிறது. கணினிகள் பிஎக்ஸ்இ வழியாக (வட்டிலிருந்து அல்லாமல் நெட்வொர்க்கிலிருந்தே) தொடங்கும்போது மட்டும் 300 எம்பி பூட் இமேஜ் இறங்கப் பத்து நிமிடம் ஆகிறது.

கம்பிக்காரர்:
அது, பிஎக்ஸ்இ கோப்பை இறக்கப் பயன்படுத்தும் டிஎஃப்டிபி நெறிமுறையின் குணம். 512 பைட் அனுப்பும், ஒப்புதல் வரும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்த 512. போய்வர ஒரு மில்லி நொடி என்றால் நொடிக்கு 500 கேபிதான். உங்கள் பத்து நிமிடக் கணக்கு அதற்கு ஒத்துவருகிறது. பிளாக் அளவைப் பெரிதாக்க 1995-லும், ஒப்புதலுக்கு முன் பல பிளாக்குகளை அனுப்ப 2015-லும் நெறிமுறையில் வழி செய்தார்கள். பிளாக்கை 1468 பைட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், சாதாரண எம்டியுவில் பாக்கெட் துண்டாகும். என்னைக் கேட்டால், டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இ என்ற சிறு தொடக்க நிரல் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் எச்டிடிபியில் இறக்குங்கள்.